இலத்தீனுக்கு எது நல்ல விரிவானம்?

கும்பகோணத்தில் மாலை வேளையில் நால்வருக்கு இலத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். இருவர் குருமடத்தில் சேரவிருக்கும் இளைஞர்கள். ஒருவர் தாவரவியல் மாணவி. இன்னொருவர் தரங்கம்பாடி வரலாற்றில் தோய்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வேற்றுமை, வினை வாய்பாடுகளை நன்றாகவே ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தையாவது அகராதியைத் திறக்காமல் வாசிக்கும் இன்பம் கிடைக்காவிட்டால், ஆறாம் மாதத்தில் ஆர்வம் வற்றிவிடுகிறது. பள்ளித் தமிழில் செய்யுளுக்கும் உரைநடைக்கும் அப்பால் விரிவானம் இருந்ததே, அதுபோல் ஒன்று இதற்கும் வேண்டும். அப்படி வகுப்பில் வைத்துப் பார்த்தவற்றையே இங்கே எடைபோடுகிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்ஸ் ஓர்பர்க் எழுதிய 'கொல்லோக்வியா பெர்சோனாரும்' 24 உரையாடல்களின் தொகுப்பு. அவருடைய 35 அதிகாரப் பாடநூலின் முதல் 24 அதிகாரங்களோடு இணைந்து நடப்பது. முழுக்க இலத்தீன், நெடில் உயிர்களின் மேல் கோடு இட்டிருக்கும். அந்தக் கோட்டின் அருமை குறில் நெடிலோடு வளர்ந்த நமக்குத்தான் சட்டென்று புரியும். 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள்; 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். கோடில்லாத நூலில் தொடங்கியவர்கள் இந்த வேறுபாட்டைக் காதில் வாங்காமலே போய்விடுகிறார்கள். குறை ஒன்றுதான்: பாடநூலும் கையில் இருந்தாக வேண்டும். இரண்டும் வெளிநாட்டுப் பதிப்புகள், விலை கூடுதல்.

காசு செலவழிக்க முடியாதவருக்கு ரிச்சியின் 'ஃபாபுலே ஃபாகிலேஸ்' இருக்கிறது. பதிப்புரிமை காலாவதியான நூல், இணையத்தில் இலவசம். பெர்சியூஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பல், யுலிசிஸ் ஆகிய நான்கு கதைகள், 100 சிறு பகுதிகளாக, எளிமையிலிருந்து மெல்லக் கடினமாகும். பெர்சியூஸ் கதையின் தொடக்கத்திலேயே தாயையும் குழந்தையையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறார்கள். கர்ணன் கதை தெரிந்த மாணவருக்கு மேலே நடப்பதை ஊகிக்க அகராதி எதற்கு? தொடரமைப்பும் நமக்கு இசைவானது. 'ஆர்கம் இப்சம் இன் மரே கோன்யேகித்' என்ற சொற்களை அதே வரிசையில் தமிழாக்கினால் 'அந்தப் பெட்டியையே கடலில் எறிந்தான்' என்று வந்துவிடுகிறது. வினைமுற்று கடைசியில். ஆங்கில வழியில் எழுதப்பட்ட கையேடுகள் 'வினையை முதலில் தேடு' என்கின்றன. தமிழ் மாணவர் அப்படித் தேட வேண்டியதில்லை, வரிசையாக வாசித்தாலே போதும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

அடுத்தது வுல்காத்தா, அதாவது புனித ஜெரோமின் இலத்தீன் விவிலியம். திருத்தந்தை தமாசுஸின் விருப்பப்படி 382இல் தொடங்கிய பணி. வேளாங்கண்ணி, பூண்டி என்று கோயில்களைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதையெல்லாம் முன்பே தெரியும். வாசிக்கும் வேகம் பிரமிக்க வைக்கிறது. 'விதேயோ க்வியா ப்ரோபேத்தா எஸ் தூ' (நீர் இறைவாக்கினர் என்று காண்கிறேன்) என்று சமாரியப் பெண் சொல்லும்போது, 'க்வியா' நம் 'என்று' செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. பண்டை ரோமின் உரைநடை ஆசிரியர் சிசரோ அந்த இடத்தில் எழுவாயை இரண்டாம் வேற்றுமையில் வைத்து, வினையை எச்சமாக்கியிருப்பார். ஆகவே நிறைய வாசிக்க வுல்காத்தா சிறந்தது. பண்டை நடையில் எழுதிப் பழக அதை மாதிரியாகக் கொள்ளக் கூடாது. சொல்வரிசையும் வேறு: 'இன் ப்ரின்கிபியோ க்ரேயாவித் தேயுஸ்', தொடக்கத்தில் படைத்தார் கடவுள்.

ரோமத் தளபதி சீசரின் போர்க் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டாம் ஆண்டுக்கு முன் கொடுக்காதீர்கள்.

என் மனம் அதிகம் நிற்பது நம் மண்ணில் பிறந்த இலத்தீனில். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 1716இல் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணமும் இலத்தீனில்தான். முனிவர் இயேசு சபையினர்; இருந்தும் அதை அச்சிட்டது அவர் கடுமையாக எதிர்த்த தரங்கம்பாடி லூத்தரன் சபையாரின் அச்சகம். இவற்றில் விளக்கப்படும் மொழி தமிழ் என்பதால், ஒவ்வொரு தொடரின் பொருளும் நமக்கு முன்கூட்டியே தெரியும்.  பழைய அச்சில் 'எஸ்' எழுத்து நீண்டு 'எஃப்' போலத் தெரியும்; நெடில் கோடுகளை நம்ப முடியாது. அதனால் முதலாண்டில் வேண்டாம்.

நான் தரும் வரிசை: பணம் இருந்தால் ஓர்பர்க், இல்லாவிட்டால் ரிச்சி, உடன் நாளுக்குப் பத்து வசனம் வுல்காத்தா, இரண்டாம் ஆண்டில் சீகன்பால்கு, பிறகு வீரமாமுனிவரின் இலத்தீன் குறள். தாவரவியல் மாணவிக்கு மட்டும் தாவரவியலாளர்கள் இலத்தீனில் எழுதிய செடி விவரணைகள் முன்னே வரும். அவற்றில் வினையே அரிது.

முனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே மொழிபெயர்த்தார். விடுபட்ட காமத்துப்பாலை எங்கள் தமிழாசிரியர் இப்போது இலத்தீனில் எழுதிப் பார்க்கிறார். முதல் குறளின் 'அணங்குகொல்' என்பதற்குச் சொல் கிடைக்காமல் மூன்று வாரமாக எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.