கவலையில் தூக்கம் கெட்டவர்களுக்கு யூவெர்ஷன் பைபிள் ஆப்

2024-ல் இந்த ஆப் ‘ஆண்டின் வசனம்’ என்று அறிவித்தது பிலிப்பியர் 4:6-ஐ. ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்று தொடங்கும் வசனம் அது. 2020-லும் 2022-லும் அந்த இடத்தில் இருந்தது ‘நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்’ என்கிற ஏசாயா 41:10. பயத்தோடு இதைத் திறப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருக்கும் லைஃப்.சர்ச் என்கிற திருச்சபை 2008-ல் வெளியிட்ட ஆப் இது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. கடனை நினைத்துத் தூக்கம் தொலைத்தவர் பைபிளில் சங்கீதப் புத்தகத்தை வாசிக்கும்போது நடுவில் கடன் விளம்பரம் வந்து நிற்காது என்பதே பெரிய ஆறுதல்.

முதல் வேலை, பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. பலருக்கும் மனப்பாடமாக இருப்பது ‘பழைய திருப்புதல்’ எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான். ஆனால் புதிதாக வாசிப்பவர் அதில் தடுக்குவார். 1 பேதுரு 5:7-ல் ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்’ என்று வரும். இன்றைய காதுக்கு அது போலீஸ் விசாரணை போல ஒலிக்கும். அங்கே பொருளோ, அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர் என்பது. கவலையைத் தேவன்மேல் வைத்துவிடச் சொல்வதற்கான காரணமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதனால் எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வசனம் புரியாதபோது பதிப்பை மாற்றிப் பார்க்கலாம்.

இரவுக்கு ஏற்றது ஒலி வடிவம். அதிகாரத்தைத் திறந்து ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டு, டைமர் வைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வாசிப்பு வாட்ஸ்அப்பில் போய் முடியும். 121-ம் சங்கீதம் எட்டே வசனம். காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்பதைக் கேட்டபின் நாம் விழித்துக் காவல் காக்க வேண்டியதில்லை. அடுத்து 91, 27, 56. ஒலிக்கு இணையம் வேண்டும், சிக்னல் இல்லாத ஊரில் கைவிடும்.

பெரும்பாலோர் தொடாமல் விடும் பகுதி ஜெபப் பட்டியல். உண்மையில் பிலிப்பியர் 4:6-ன் பின்பாதி சொல்வதைச் செய்யும் இடம் அதுதான்: விண்ணப்பங்களைத் ‘தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்’. ‘எல்லாம் பயமாக இருக்கிறது’ என்று எழுதினால் பயன் குறைவு. ‘வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக் கட்டணம்’, ‘அம்மாவின் ஸ்கேன் முடிவு’ என்று ஒரு கவலைக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். வசனம் ஸ்தோத்திரத்தையும், அதாவது நன்றி சொல்வதையும், சேர்த்தே கேட்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் நன்றி ஒரு வரி இருக்கட்டும். பதில் கிடைத்ததைக் குறித்து வைக்கலாம். மூன்று மாதம் கழித்து அந்தப் பழைய குறிப்புகளை வாசிப்பது, அடுத்த பயம் வரும்போது கைகொடுக்கும்.

குறைகளும் உண்டு. தினமும் வரும் வசனப் படம் அழகுதான், ஆனால் வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்துத் தருகிறது. பிலிப்பியர் கடிதத்தை எழுதிய பவுல், கவலைப்படாதிருங்கள் என்று எழுதியது காவலில் கட்டப்பட்டிருந்த காலத்தில். அது தெரியாதவருக்கு அந்த வரி, வசதியாக இருக்கிறவர் சொல்லும் புத்திமதி போலத் தோன்றும். ‘என்னால் முடியவில்லையே, விசுவாசம் இல்லையோ’ என்று கூடுதல் பாரமும் ஏறும். அந்த வசனப் படத்தைப் பார்த்தால் பிலிப்பியர் 4-ம் அதிகாரத்தில் குறைந்தது 4 முதல் 9 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். 56-ம் சங்கீதமும் ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்றே சொல்கிறது. பயமே வராது என்று எங்கும் சொல்லவில்லை.

தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்ற எண்ணிக்கையும் வரும். ஒருநாள் விட்டுப்போனால் குற்றவுணர்வு கொள்கிறவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அறிவிப்புகளில் தினவசனம் ஒன்றை மட்டும் காலையில் வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரையும் போதகரையும் நேரில் பாருங்கள். இந்த ஆப்பை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.