ஒகஸ்ட் கடைசியில் யாலவா, வில்பத்துவா?

ஒகஸ்ட் பள்ளி விடுமுறை முடிய ஒரு கிழமை இருக்கும்போதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காடு ஞாபகம் வரும். இந்தமுறையும் அப்படித்தான். மூத்தவன் தெற்கிலுள்ள யால தேசிய பூங்கா என்றான், நான் வடமேற்கிலுள்ள வில்பத்து என்றேன். காசு கொடுப்பவன் நான் என்பதால் வில்பத்து வென்றது. போய்வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. ஜீப் தூசி இன்னும் கமராப் பைக்குள் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வவுனியாவில். விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்டால் அநுராதபுரம், நொச்சியாகம தாண்டி, ஆறு மணிக்கு ஹுனுவிலகம வாசலில் நிற்கலாம். யாலவுக்கு என்றால் நாட்டின் மறு அந்தத்துக்கு ஓடவேண்டும், அங்கே ஓர் இரவு தங்கவும் வேண்டும். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்த தராசுதான். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தத் தூரக் கணக்கு பெரிதாகப் பொருந்தாது.

தெரிந்த சங்கதிகளை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். இரண்டும் 1938இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வில்பத்து பெரியது, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். யால 979. ஆனால் யால என்று நாம் போவது பெரும்பாலும் முதலாம் வலயத்துக்குத்தான், அது ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். அந்தச் சின்ன இடத்தில் சிறுத்தைகள் அடர்த்தியாக இருப்பதால்தான் அதற்கு உலகப் பெயர். யாலவில் கடல் இருக்கிறது, பாறைக் குன்றுகள் இருக்கின்றன, மாணிக்க கங்கை இருக்கிறது. வில்பத்துவில் காடும், வில்லுகள் என்கிற இயற்கைத் தண்ணீர்ப் பள்ளங்களும். யுத்த காலத்தில் வில்பத்து நீண்ட வருடங்கள் மூடிக் கிடந்தது. 2003இல் திறந்து, மறுபடி மூடி, 2010இல்தான் நிரந்தரமாகத் திறந்தார்கள். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அதைப் பார்க்காதது இதனால்தான்.

பருவக் கடைசி என்று வரும்போது நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். யாலவின் முதலாம் வலயத்தை வழக்கமாக செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். வறட்சியைப் பொறுத்து இது வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே அறை பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முந்திய அந்தக் கடைசிக் கிழமையில் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். வில்பத்துக்கு அப்படி வழக்கமான பூட்டு இல்லை.

இனி, என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற ஒரே விஷயம்: தண்ணீர் எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி என்ன இருக்கிறது.

வில்பத்து என்ற பெயரைப் பார்த்துப் பத்து வில்லுகள் என்று நினைக்கவேண்டாம், அதைவிடப் பல மடங்கு இருக்கின்றன. வில்லு என்றால் நம் ஊர்க் குளம் போல அணை கட்டித் தேக்கியது அல்ல. தட்டையான ஒரு பள்ளம், மழைத் தண்ணீர் விழுந்து நிற்கும், அவ்வளவுதான். மாரி முடிந்த கையோடு போனால் தண்ணீர் மரங்களின் காலடிவரை நிற்கும். காட்டுக்குள்ளும் ஆங்காங்கே குட்டைகள் இருக்கும். மிருகத்துக்கு வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. ஒகஸ்ட் கடைசியில் கதை வேறு. காட்டுக்குள் இருந்த குட்டைகள் காய்ந்துவிடும். வில்லு நடுவுக்குச் சுருங்கிவிடும். மரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் புல்லும் வெண்மணலுமாக ஒரு பெரிய வளையம் வெளிக்கும். தாகத்தோடு வருகிற எதுவும் அந்த வெட்டவெளியைக் கடந்துதான் ஆகவேண்டும். நாம் தேடிப் போகத் தேவையில்லை, இருந்தால் போதும்.

யாலவிலும் இதே தாகம்தான். ஆனால் அங்கே மிச்சமிருக்கும் தண்ணீர் பாதையோரக் குளங்களிலும் சின்ன மடுக்களிலும். வறட்சி முற்றினால் வனஜீவராசிகள் திணைக்களம் பௌசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற வருடங்களும் உண்டு. எந்த மடுவில் தண்ணீர் என்பது எல்லாச் சாரதிகளுக்கும் தெரியும். சிறுத்தையைக் கண்டதாக ஒரு அழைப்பு வந்தால் இருபது முப்பது ஜீப் அந்த ஒற்றைப் பாதைக்குள் நுழையும். நாலு வருடத்துக்கு முந்தி, இதே பருவத்தில், நான் அங்கே பார்த்த சிறுத்தை ஒரு வால். பாலை மரக் கிளையிலிருந்து தொங்கிய வால், முன்னால் நின்ற ஜீப்பின் கூரைக்கும் பக்கத்து ஜீப்பில் எழும்பி நின்ற ஒருவருடைய தொப்பிக்கும் இடையில். நாலு நிமிடத்தில் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்காத குறை. சாரதி எடுத்துவிட்டார்.

வில்பத்துவில் எங்களுக்கு வாய்த்த ஜீப் சாரதி புத்தளப் பக்கத்து நானா ஒருவர். காலையில் முதல் வில்லு வரவே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. வழியெல்லாம் இருபக்கமும் அடர்காடு, சிவப்புத் தூசி, ஒரு காட்டுக்கோழி. மூத்தவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மூன்றாவது வில்லில் நானா ஜீப்பை மர நிழலில் விட்டு எஞ்சினை நிறுத்தினார். பத்து நிமிடம் போனது. இருபது போனது.

“நானா, மற்றப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாப்பமா?” என்றேன்.

“ஓடினா ஒண்ணும் பாக்க ஏலாது தம்பி. தண்ணிக்கு அது வரத்தான் வேணும். கொஞ்சம் பொறுங்க.”

புள்ளிமான் கூட்டம் ஒன்று கரையில் நின்றது. முதலில் ஒரு பெட்டை தலையைத் தூக்கிக் காட்டைப் பார்த்தது. முன்கால் ஒன்றை நிலத்தில் குத்தியது. அப்புறம் அந்தக் கூர்மையான சத்தம். கூட்டம் முழுக்க ஒரே திசையில் திரும்பியது. சிறுத்தை ஓடிவரவில்லை, பதுங்கவும் இல்லை. வெண்மணலில் சந்தைக்குப் போகிற ஆள் மாதிரி நடந்து வந்தது. தண்ணீருக்கு நாலடி முன்னால் நின்று, முதலை இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு முன்னங்கால்களை மடித்துக் குனிந்தது. நாக்கு தண்ணீரில் படும் சத்தம் எங்களுக்குக் கேட்டது என்று சின்னவள் இன்றைக்கும் சாதிக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தோள் எலும்பு இரண்டும் மாறிமாறி ஏறி இறங்கியதை வெறுங்கண்ணால் பார்த்தேன். காட்டுக்குள் திரும்பும்வரை இருபது நிமிடத்துக்கு மேல். எங்களோடு இருந்தது வேறு இரண்டே ஜீப்.

இதை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் கிடைக்கும் என்று எழுதினால் அது பொய். பருவக் கடைசியில் வில்பத்துக்கு நான் போனது இரண்டே தடவை. முதல் தடவை சிறுத்தை இல்லை. யானையின் பின்பக்கமும் முதலைகளும் நாரைகளும்தான். சிறுத்தை ஒன்றைக் கண்டே தீரவேண்டும், கையில் ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால், யாலவில் வாய்ப்பு அதிகம் என்று வருடக்கணக்காகப் போய்வருகிற நண்பர்கள் சொல்கிறார்கள். அதை மறுக்க என்னிடம் அனுபவம் இல்லை. கரடிக்கென்றே போகிறவர்கள் பாலைப்பழம் பழுக்கிற நடு வருடத்தில் போயிருக்கவேண்டும். ஒகஸ்ட் கடைசியில் இரண்டு இடத்திலும் அது அதிர்ஷ்டம்தான். யானைக் கூட்டம்தான் வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிட்டு மின்னேரியாக் குளத்துக்குப் போங்கள்.

செலவில் ஒரு கண்ணி இருக்கிறது. யாலவில் அரைநாள் ஜீப் போதும். வில்பத்துவில் அரைநாள் எடுத்தால் வில்லுக்குப் போய்ச் சேரவும் திரும்பவுமே நேரம் போய்விடும், உட்கார்ந்து காத்திருக்க நேரம் மிஞ்சாது. நான் சொன்ன தண்ணீர்க் கணக்கெல்லாம் முழுநாள் எடுத்தால்தான் சரிவரும், முழுநாள் என்றால் காசு கூட. சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும். இறங்கிச் சாப்பிட அனுமதித்த இடத்தில் குரங்கு ஒன்று எங்கள் இடியப்பப் பார்சலோடு மரமேறியது தனிக்கதை. தூசியும் யாலவைவிடக் கூட என்றுதான் எனக்குப் பட்டது. சோளகக் காற்று விடாமல் அடிக்கும், மூக்கைக் கட்டத் துணி இல்லாமல் போகவேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிற உறவினர்களுக்கு இரண்டு இடத்திலும் நுழைவுச்சீட்டு பல மடங்கு. அதை முன்னமே சொல்லிவைத்தால் வாசலில் முகம் சுளிக்கத் தேவையிராது.

யாலவுக்கு ஒரு பலம் உண்டு, அதை வில்பத்து எந்தக் காலத்திலும் பிடிக்காது: கதிர்காமம். மாலையில் கும்பிட்டுவிட்டு, பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமவில் படுத்து, விடியக் காட்டுக்குள் போகலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் “சிறுத்தை பார்க்க” என்று சொல்லி அவரை வீட்டிலிருந்து கிளப்ப முடியாது, முருகனைச் சொல்லிக் கிளப்பலாம். அடுத்த வருடம் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வருகிறது. அம்மாவும் வருவார், தங்கச்சியின் கடைசிப் பிள்ளைக்கு ஜீப்பில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே சத்தி. எட்டு மணித்தியாலம் வில்லுக்கரையில் இருத்த முடியாது. அவர்களோடு யாலதான், அதுவும் ஜூலைத் திருவிழாச் சனம் கலைந்தபிறகு, செப்டெம்பர் பூட்டுக்கு முந்தி. நானாவின் நம்பரை மூத்தவன் இப்போதே தன் போனில் ஏற்றிவைத்திருக்கிறான். தங்கச்சி ஆட்களை விமானம் ஏற்றிவிட்ட கையோடு, செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை கேட்டிருக்கிறான்.