"தன்னார்வலர்கள் தேவை" போஸ்டர்: வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் கவனத்துக்கு

வேலை போய்விட்டது, அடுத்தது கிடைக்கும்வரை சும்மா உட்கார வேண்டாம், ஏதாவது சேவை செய்யலாம் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. முக்கியமாக சென்னையில் மெடிக்கல் கோடிங், பிபிஓ, ஐடி சப்போர்ட் வேலைகளில் இருந்து வெளியே வந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சேவை செய்யக் கூப்பிட்டு நன்கொடை வசூலுக்கு அனுப்பும் ஒரு கும்பல் உங்களைத்தான் தேடுகிறது.

அமைப்பின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அதோடு, போஸ்டரில் பெயரை மாற்ற அவர்களுக்கு அரை மணி நேரம் போதும். காரியம் நடக்கும் விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

எங்கள் புராஜெக்ட் முடிந்தது என்று டீமையே மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு போன இன்டர்வியூக்களில் எல்லாம் ஒரே கேள்வி: "இந்த கேப்ல என்ன பண்ணீங்க?" அந்தச் சமயத்தில்தான் கல்லூரித் தோழி ஒருத்தி போஸ்டரை அனுப்பினாள். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாலையில் ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். வீட்டில் இருந்தே செய்யலாம். சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் தருவார்கள். கீழே கூகுள் படிவம். படிவத்தில் படிக்கிறீர்களா, வேலையில் இருக்கிறீர்களா, வேலை தேடுகிறீர்களா என்று ஒரு கேள்வி. மூன்றாவதை டிக் செய்தேன். அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது.

பதிவுக் கட்டணம் 499 ரூபாய், பணி முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, "சீரியஸா இருக்கிறவங்களை மட்டும் எடுக்கத்தான் சிஸ்டர்" என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் அங்கே சிஸ்டர், பிரதர்தான்.

அடுத்து கூகுள் மீட்டில் அறிமுகக் கூட்டம். குழந்தைகள் படம், பின்னணியில் சோக இசை, நன்றி சொல்லும் ஒரு அம்மா. எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். பாடம் எடுப்பது இரண்டாம் கட்டமாம். முதல் கட்டத்துக்கு வைத்திருந்த பெயர் 'வள ஒருங்கிணைப்பு'. பச்சையாகச் சொன்னால் வசூல். ஆளுக்கு 15,000 ரூபாய் டார்கெட். அதை முடித்தால்தான் குழந்தைகளைக் கண்ணிலேயே காட்டுவார்கள்.

எப்படி வசூலிப்பது என்பதற்கு எக்செல் ஷீட் ஒன்று அனுப்பினார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், பழைய ஆபீஸ், அப்பா அம்மாவின் நண்பர்கள், குடும்ப டாக்டர் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் போன் நம்பர் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில், அவர் எவ்வளவு தருவார் என்று ஒரு உத்தேசத் தொகை. அனுப்ப வேண்டிய வாட்ஸ்அப் செய்தியையும் அவர்களே எழுதித் தந்தார்கள், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழ்ச் செய்தியின் இரண்டாவது வரி: "தற்போது எனக்கு வேலை இல்லாத சூழ்நிலையிலும் இந்த நேரத்தைச் சமூகத்துக்காகச் செலவிட முடிவு செய்துள்ளேன்." 

மொத்த சூட்சுமமும் இந்த வரியில்தான். என் 499 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை. என் உழைப்பும் வேண்டியதில்லை. என் போனில் இருக்கும் மனிதர்கள்தான் வேண்டும். வேலை போன பெண் அனுப்பும் செய்தியை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. பத்தாம் வகுப்பு எடுத்த டீச்சர் 500 போட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பிய பட்டியலில் கையெழுத்துப் போட்ட பழைய டீம் லீட், மனசு உறுத்தியதோ என்னவோ, 2000 போட்டார். அந்தக் குழந்தைகள் யார், எந்த ஊர் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் "உனக்கு எப்பம்மா வேலை கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்கள். பணம் எனக்காக வந்தது.

சங்கரன்கோவில் மாமா மட்டும் போன் செய்தார். "ஏட்டி, டிரஸ்டுக்குன்னுதான சொன்ன? ஸ்கேன் பண்ணா யாரோ ஒரு ஆம்பளைப் பேருல்லா வருது?"

கியூஆர் கோடை நானும் ஸ்கேன் செய்து பார்த்தேன். தனிநபர் பெயர்தான். ஒருங்கிணைப்பாளரைக் கேட்டால், டிரஸ்ட் கணக்கில் டெக்னிக்கல் பிரச்சினையாம், பொருளாளர் கணக்கில் வாங்கி அப்புறம் மாற்றிவிடுவார்களாம். மாமா சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர், ரசீது இல்லாமல் விடமாட்டார். போஸ்டரில் 80ஜி வரிவிலக்கு (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை) உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள் அல்லவா, அதைக் கேட்டார். வந்தது ஒரு படம். அமைப்பின் பான் எண் இல்லை, 80ஜி பதிவு எண் இல்லை, முகவரி இருந்த இடத்தில் "சென்னை" என்று மட்டும்.

80ஜி பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. இப்போது வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்க முடியாது. நன்கொடை வாங்கியவர்கள் அந்த விவரத்தை வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றை நமக்குத் தர வேண்டும். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் பயன். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. ஆக, தனிநபர் கணக்குக்குப் பணம் போகும்போதே "80ஜி உண்டு" என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது.

அதற்கு மேல் நானே தோண்ட ஆரம்பித்தேன். போஸ்டரின் மூலையில் ஒரு தர்பன் எண் இருந்தது. தர்பன் என்பது தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக் இணையதளம். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணைப் போட்டால் வேறு மாநிலத்தில் உள்ள வேறொரு சங்கத்தின் பெயர் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது யாருடைய எண்?" என்று கேட்டேன். "பாசிட்டிவா இருங்க சிஸ்டர்" என்று ஒரு பதில் வந்தது, அடுத்த நிமிடம் நான் குழுவில் இல்லை. 499 ரூபாயும் அதோடு போச்சு.

எனக்காவது பணம் போட்டவர்கள் வசதியானவர்கள். அதே குழுவில் இருந்த விழுப்புரம் பக்கத்து மாணவி ஒருத்தி, பணம் கேட்க ஆள் இல்லாமல், செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டு டார்கெட்டை முடித்திருக்கிறாள். அவளுக்குச் சான்றிதழ் வந்தது, தங்க நிற ஓரம் எல்லாம் போட்டு. பாட வகுப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை. எச்.ஆரில் இருக்கும் என் தோழியிடம் அந்தச் சான்றிதழைக் காட்டினேன். இந்த மாதிரிக் காகிதம் எக்கச்சக்கமாக வருகிறதாம், "நீங்க அங்க என்ன செஞ்சீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்களாம்.

சரி, உண்மையான அமைப்புகளும் நிதி திரட்டத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். செய்கின்றன, தப்பில்லை. பெரிய தொண்டு நிறுவனங்கள் மால் வாசலில் ஆள் நிறுத்திக்கூட நன்கொடை கேட்கின்றன. ஆனால் அங்கே நிற்பவருக்குச் சம்பளம் உண்டு. அது ஒரு வேலை, வேலை என்று சொல்லித்தான் எடுக்கிறார்கள். பாடம் எடுக்க என்று கூப்பிட்டு வசூலுக்கு அனுப்புவது வேறு சமாச்சாரம். அரசே தன்னார்வலர்களை எடுத்தபோது எப்படி நடந்தது? 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பாடம் எடுத்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். யாரும் கட்டணம் வாங்கவில்லை.

தர்பனில் பெயர் இருந்தாலே நல்ல அமைப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். அது பதிவு மட்டுமே, நன்னடத்தைச் சான்று கிடையாது. அமைப்பு எந்த வகை என்று நேராகவே கேளுங்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயர் வரும். பதில் சொல்லத் தெரியாதவர், அல்லது கேட்டதும் கோபப்படுபவர் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட லேசான சோதனை ஒன்று உண்டு: "நேரில் வந்து ஒரு நாள் வகுப்பைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

இன்னொரு வகையும் சுற்றுகிறது. மனித உரிமை அமைப்பு என்று சொல்லி, மாவட்டச் செயலாளர் பதவி, அடையாள அட்டை, காரில் ஒட்ட ஸ்டிக்கர் எல்லாம் விலைக்குத் தருவார்கள். அவர்களுக்கும் 1993-ல் அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தன் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி ஆணையமே எச்சரித்திருக்கிறது. என் சித்தப்பா மகன் அப்படி ஓர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டோல்கேட்டில் நீட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டுக் காசு வாங்கினார்களாம்.

இப்போது நான் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித்தரப் போகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் போன் வரும், போக வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும், கை கழன்றுவிடும். எழுதுபவர் தேர்வரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். பட்டதாரியான என்னை அதனால் பெரும்பாலும் முதுகலைத் தேர்வுகளுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இங்கே தேவை அதிகம். அருகில் உள்ள கல்லூரியில் மாற்றுத்திறன் மாணவர்களைக் கவனிக்கும் ஆசிரியர் யாரென்று கேட்டுப் போய் நின்றாலே போதும். போன இன்டர்வியூவில் 'கேப்' கேள்வி வந்தபோது இதைத்தான் சொன்னேன். பேனல் அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

புகார் விஷயம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், ஒப்புகை எண் வந்திருக்கிறது, அதற்கு மேல் நகரவில்லை. பணம் போன சூட்டோடு சூடாக சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்கிறார்கள். ஆகவே யாருக்காவது இப்படிப் பணம் போட்டிருந்தால் ஜிபே, போன்பே வரலாற்றில் இருந்து அந்த எண்ணையும் பணம் பெற்றவர் பெயரையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருப்பவர்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். வெளியே தூக்கிப் போட்டுவிட்டால், அங்கே பிறகு என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.