ரெண்டு வருஷமா சுத்துற என் ரோட்டோகாஸ்டிங் மெஷின்

கொலுவுக்காக ஒரு அடி உயர பிள்ளையார் ரெசின்ல (ரெண்டு திரவத்தை கலந்தா இறுகுற பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) ஊத்துறேன். உள்ள கெட்டியா ஊத்துனா ஒரு பொம்மை ரெண்டரை கிலோ ரெசின் குடிக்கும், கட்டுப்படியாகாது. அதான் மோல்டை ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ரெண்டு திசைல மெதுவா புரட்டி புரட்டி, ரெசின் உள்சுவத்துல மட்டும் ஒட்டுற மாதிரி இந்த மெஷினை கட்டுனேன். இப்போ அதே பிள்ளையார் அரை கிலோ சொச்சம்தான்.

மோட்டார் புதுப்பேட்டைல எடுத்த பழைய கார் வைப்பர் மோட்டார், 12 வோல்ட். மெதுவா ஓடணும்னு ஸ்பீட் கண்ட்ரோலரை ரொம்ப கொறைச்சு வெச்சேன், மோல்டு மேல ஏறும்போது மூச்சு வாங்கும், எறங்கும்போது ஓடும். அப்புறம் சைக்கிள் 44 பல்லு செயின்வீலை போட்டு வேகத்தை கொறைச்சதும் சரியாச்சு, இப்போ நிமிஷத்துக்கு 12 சுத்து. ஒண்ணு சொல்லிடறேன், இது வேகமா சுத்தி ரெசினை வெளிப்பக்கம் தள்ளுற மெஷின் இல்ல, தன் வெயிட்லயே வழிஞ்சு ஒட்டுறதுதான், வேகம் கூடுனா கெட்டுடும்.

மொதல்ல மோல்டை பிடிக்கிற உள்பிரேம், அதை சுத்தி இருக்கற வெளிபிரேம் ரெண்டுக்கும் சைக்கிள் பின்சக்கரத்து 18 பல்லு ஃப்ரீவீல் தான் போட்டேன் (ஒரு பக்கம் சும்மா சுத்தாம லாக் ஆக வெல்டிங் வெச்சுதான்). வெளிய ஒரு சுத்துக்கு உள்ள ஒரு சுத்து, ரெசின் திரும்பத் திரும்ப ஒரே தடத்துலயே ஓடுது, ஒரு காது பக்கம் வரவே இல்ல. ஒரு பக்கம் 16 பல்லு மாத்துனேன், எட்டு சுத்துக்கு ஒரு தடவைதான் பழைய நிலைக்கு வரும், காது வந்துடுச்சு.

ஆனா என்னை அழவெச்சது மெஷின் இல்ல, கப்புதான். கலக்குன கப்புல மிச்சம் இருந்த ரெசினை தட்டி பாத்து, கல்லு மாதிரி ஆயிடுச்சேன்னு மெஷினை நிறுத்துவேன், தொறந்தா முதுகுப்பக்கம் தாள் மாதிரி மெலிசு, அடில ஒரு குட்டை. ஏன்னு புரியவே பல மாசம் ஆச்சு. கப்புல ரெசின் மொத்தமா இருக்கு, தானே சூடாகி சீக்கிரம் இறுகுது, மோல்டுல இருக்கறதோ மில்லிமீட்டர் கணக்குல பரவுன படலம், அதுல சூடு நிக்காது, அதனால லேட்டாகும். இப்போ கப்பு கெட்டியானதுக்கு அப்புறமும் பத்து நிமிஷம் சும்மா சுத்த விடறேன்.

கோட்டிங் மூணு, ஒவ்வொண்ணும் 170 கிராம் மாதிரி. முந்தின கோட்டிங் விரலுக்கு பிசுபிசுன்னு இருக்கும்போதே அடுத்தது போயிடணும், ஒரு நாள் போன் பேசிட்டு லேட்டா ஊத்துனேன், அப்புறம் ரெண்டு லேயரும் வெங்காயத்தோல் மாதிரி பிரிஞ்சுது.

மே மாசம் மெட்ராஸ்ல ரெசின் கப்புலயே செட் ஆகுதேன்னு பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், புத்திசாலித்தனம்னு நெனப்பு. வெளிய எடுத்து தொறந்ததும் காத்து ஈரம் உள்ள போய் பாலியூரித்தேன் பொங்கி மைசூர்பாகு மாதிரி ஓட்டை ஓட்டையா வந்துது. இப்போ விடிகாலைல ஊத்துறேன், ஏசி ரூம்ல இருந்தா பாட்டிலை வெளிய வெச்சு குளிர் போகவிட்டுத்தான் மூடி தொறக்கறேன். மாஸ்க் சாதா துணி போதாது, கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் போட்டதே வாங்குங்க, ஜன்னலும் தொறந்திருக்கணும்.

பேலன்ஸ் வெயிட்டா எதிர்பக்கம் நட்டு போல்ட்டு போட்ட டப்பா கட்டியிருக்கேன், மோல்டு மாத்தும்போதெல்லாம் அதையும் கூட்டி கொறைக்கணும், சலிப்பான வேலை. பேரிங் ஒரு தடவை மாத்துனேன். செயினுக்கு வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய், இல்லன்னா போடுற சத்தத்துல கீழ்வீட்டு அக்கா மாவாட்டுறியான்னு கேப்பாங்க.