பாப்லோ காஸல்ஸின் பாக் செல்லோ சூட்டுகள்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

தனி செல்லோவுக்கு (முழங்கால்களுக்கிடையே வைத்து வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு சூட்டுகளையும், அதாவது நடன வகைத் துண்டுகளின் தொகுப்புகளையும், முதன்முதலில் முழுமையாக இசைத்தட்டில் ஏற்றியவர் செல்லோ கலைஞர் பாப்லோ காஸல்ஸ். 1936 முதல் 1939 வரை பதிவானது. இரண்டு சிடியில் அடங்கிவிடும். பல நாடுகளில் காப்புரிமை முடிந்துவிட்டதால் ஆளாளுக்கு வெளியிட்டிருக்கிறார்கள். வாசிப்பு ஒன்றுதான், காதில் விழுவது மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

காஸல்ஸ் 1876இல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் எல் வென்ட்ரெல் ஊரில் பிறந்தவர். 13 வயதில் பார்சலோனா துறைமுகத்தருகே ஒரு பழைய இசைக்கடையில் இந்த சூட்டுகளின் அச்சுப்பிரதி அவர் கையில் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் சாதகம் செய்த பிறகே மேடைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலும் கைப்பயிற்சியாகக் கருதப்பட்டவை இவை.

அவர் மாற்றியது கையின் பழக்கத்தை. வலக்கை முழங்கை உடலை விட்டு விலகாதிருக்க அக்குளில் புத்தகத்தை இடுக்கச் சொல்லிப் பழக்கிய காலம் அது. காஸல்ஸ் அந்தக் கையை அவிழ்த்துவிட்டார். இடக்கையில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கையையே நகர்த்தாமல் விரல்களை அகட்டி எட்டினார். அதனால் ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கல் குறைந்தது. மூன்றாம் சூட்டின் பிரிலூட் (முதல் பகுதி) தொடக்கத்தைக் கேளுங்கள். மேலிருந்து அடித்தந்தியின் ‘சி’ வரை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கம். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். விரல் பலகையில் தட்டும் சத்தம்கூடச் சில இடங்களில் கேட்கும். அது பதிவின் பழுதல்ல.

இரண்டாம், மூன்றாம் சூட்டுகள் 1936 நவம்பரில் லண்டன் அபி ரோட் ஸ்டுடியோவில் பதிவானவை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒன்றும் ஆறும் 1938 ஜூனில் பாரிஸில். நான்கும் ஐந்தும் 1939 ஜூனில், அதே பாரிஸில். அதற்குள் பார்சலோனா, அந்தப் போரில் வென்ற தளபதி ஃபிராங்கோ வசம் போய், காஸல்ஸ் நாடிழந்திருந்தார். முழுத் தொகுப்பை அவர் மறுபடி பதிவு செய்யவே இல்லை.

தொகுப்பில் சிறந்தவை லண்டன் பதிவுகள். ஐந்தாம் சூட்டின் சரபாண்ட் (மெதுவான நடனப் பகுதி) இன்னொரு உச்சம்: பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடமே இல்லாத ஒற்றை இழை, வில்லின் அழுத்தத்தாலேயே நிற்கிறது. ஆறாவது சற்றுத் திணறல்தான். பாக் அதை ஐந்து தந்திக் கருவிக்கு எழுதினார். காஸல்ஸின் நான்கு தந்தி செல்லோவில் (கோஃப்ரில்லர் என்ற கைவினைஞர் செய்தது) அடிக்கடி கட்டைவிரலை வைத்து உச்சிக்கு ஏற வேண்டும். அந்தச் சிரமத்தை மைக் மறைக்கவில்லை.

இனி பதிப்பு. மூலம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான். தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டி டிஜிட்டலாக்கினால், பக்கம் மாறும்போது சுருதி லேசாக ஏறும் அல்லது இறங்கும். ஒரே சூட்டின் அடுத்தடுத்த இரு பகுதிகளை ஓட்டி, அடி ஸ்வரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு கோளாறு, இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டுவது. தட்டின் ‘ஸ்ஸ்’ ஒலியும் தந்தியில் வில் பற்றும் உராய்வும் ஒரே உயர் அலைவரிசையில் இருப்பவை. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். மிஞ்சுவது கம்பளிக்குள்ளிருந்து வருவது போன்ற செல்லோ. ஆகவே நிசப்தமான பதிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் தேர்வு, நாக்ஸோஸ் நிறுவனத்தின் ‘ஹிஸ்டாரிகல்’ வரிசையில் வார்ட் மார்ஸ்டன் பழைய தட்டுகளிலிருந்து டிஜிட்டலாக்கிய பதிப்பு. டிஜிட்டலாக்கியவர் பெயரே போடாத மலிவுத் தொகுப்புகளைத் தொட வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்டையும் அணைத்துவிடுங்கள். காதுக்குள் செருகும் இயர்போனைவிட சாதாரண ஸ்பீக்கரில் இரைச்சல் உறுத்தாது.

நடன அசைவும் பரோக் (பாக் காலத்து) கருவியின் மெல்லிய நாதமும் வேண்டுவோருக்கு இது ஏமாற்றம் தரும். அவர்கள் செல்லோ கலைஞர் ஆன்னர் பில்ஸ்மாவின் 1979 பதிவுக்குப் போகலாம். ஆறாவதை அவர் ஐந்து தந்திக் கருவியிலேயே வாசித்திருக்கிறார். காஸல்ஸை வாங்குவோர் மூன்றாவதில் தொடங்கி, இரண்டு, ஐந்து என்று போங்கள். ஆறாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.