சேர்ந்து மனு போடுவதா, தனியாக வழக்காடுவதா?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் மற்றவர்மீது வழக்குப் போடுவது 13-ஆம் பிரிவு. இருவரும் சேர்ந்து மனு போடுவது 1976-இல் வந்த 13-பி. "சேர்ந்தே எழுதிக் கொடுத்துடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் கையெழுத்துக்கு முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

13-பி-க்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவுதான். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். எல்லாம் பேசி முடித்து, சேர வாய்ப்பே இல்லையென்றால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார்மீதும் பழி சொல்லி நிரூபிக்க வேண்டாம் என்பது குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் தீர்ப்புக்கு முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் மனு நிற்காது. அதனால் ஜீவனாம்சம், நகை, குழந்தை யாரிடம், பள்ளிச் செலவு யாருடையது, எல்லாம் மனுவிலேயே இருக்கட்டும். "அப்புறம் தர்றேன்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தில் ஒரு பங்கு முதல் மனுவின்போது, மீதி இரண்டாவது முறை ஆஜராகும்போது என்று எழுதிக்கொள்வது நல்லது.

வழக்காடும் வழி நீளமானது. கொடுமை, 2 ஆண்டு கைவிட்டது, வேறு உறவு என்று சட்டம் சொல்லும் காரணத்தை நிரூபிக்க வேண்டும். வாய்தா, கவுன்சலிங், குறுக்கு விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் போகலாம். "ஒத்துவரவில்லை" என்பது மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் போதாது. மீள முடியாத முறிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மட்டுமே, அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்படி, மணத்தை முறிக்க முடியும். 2023 தீர்ப்பு இதை உறுதி செய்தது.

இருந்தும் அடிபடுகிறவருக்கும், எதிர்த்தரப்பு பேசவே வராதவருக்கும் நான் வழக்காடும் வழியைத்தான் சொல்வேன். இதற்கு எதிர்த்தரப்பின் சம்மதம் தேவையில்லை. சம்மன் கிடைத்தும் வராவிட்டால், சாட்சியத்தைப் பார்த்து ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பு வரலாம். வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.