பெனிபிட் எடுப்பவர்களுக்கு வீடு தருகிறேன் என்பவரிடம் டிபோசிட் கொடுக்கும் முன்

லண்டனில் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணத்தில் இருந்துகொண்டு தனியாரிடம் வாடகைக்கு வீடு தேடும் எங்கள் சனங்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக்காரர் எங்களுக்குச் செய்தது இது. விஷயம் கோர்ட்டுக்குப் போக இருப்பதால் பெயர் போடவில்லை.

கணவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்து வேலை நின்றிருந்த நேரம். ஏஜென்சிகள் பெனிபிட் என்றதுமே போனை வைத்தார்கள். அப்படி ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டவிரோதம் என்று யோர்க் கவுன்டி நீதிமன்றம் 2020இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தும் இதுதான் நிலைமை. அப்போதுதான் இவர் வந்தார். "தங்கச்சி, வேற ஒருத்தரும் உங்களுக்கு வீடு தரமாட்டினம். நான் எங்கட ஆக்களுக்கு உதவி செய்யிறனான்" என்றார்.

அக்ரிமென்டில் வாடகை மாதம் 1,400 பவுண்ஸ். அதற்கு மேல் 200 கையில் காசாக. டிபோசிட் 2,800. யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து கிழமை ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "அட்வான்ஸ் எடுங்கோ, அதைக் கொண்டுவந்து தாங்கோ" என்று வழியும் அவரே சொன்னார். அந்த அட்வான்ஸ் கடன்தான். பிறகு மாதாமாதம் எங்கள் பணத்தில் கழிந்தது. மீதிக்கு என் சங்கிலி அடகுக்குப் போனது.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படியான வீட்டுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் டிபோசிட் வாங்கக் கூடாது. 1,400க்கு அது ஏறக்குறைய 1,615தான். அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று டிபோசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, விபரத்தை எழுத்தில் தர வேண்டும். போஸ்ட்கோடு, குடும்பப் பெயர், தொகை, குடியேறிய மாதம் கொடுத்தால் அந்தத் திட்டங்களின் தளங்களில் நாமே பார்க்கலாம். எங்கள் காசு மூன்றிலும் இல்லை.

மார்கழியில் பொயிலர் நின்றது. கெற்றிலில் தண்ணீர் சுடவைத்துத்தான் சின்னவனைக் குளிக்க வார்த்தேன். வீட்டுக்காரரோ போனை எடுக்கவே இல்லை. கவுன்சிலில் முறையிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது: கையில் தரவேண்டிய 200 ஐந்து மாதமாக வரவில்லையாம், இரண்டு கிழமையில் வெளியேற வேண்டுமாம், இல்லாவிட்டால் பூட்டை மாற்றுவாராம்! நாங்கள் ஒரு மாதமும் தவறவிடவில்லை. ரிசீட் கேட்ட நேரமெல்லாம் "எங்கட ஆக்களுக்குள்ள என்ன ரிசீட்" என்றவர், இப்போது ரிசீட்டைக் காட்டு என்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியே போட்டுப் பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பயந்து நீங்களாக வெளியேறவும் வேண்டாம். பிறகு கவுன்சிலிடம் போனால், தானாகவே வீட்டை விட்டவர் என்று சொல்லி உங்களுக்கு வீடு தரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஒரு பெண் இதைத் தெளிவாக விளங்கப்படுத்தினார். அதனால் வேறு வீடு கிடைக்கும்வரை நாங்கள் அசையவில்லை. ஷெல்டர் அமைப்பும் இலவசமாக ஆலோசனை தருகிறது.

இப்போது வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். 2,800இல் ஒரு பென்ஸ்கூடத் திரும்பவில்லை. டிபோசிட்டைத் திட்டத்தில் போடாத வீட்டுக்காரர் அந்தத் தொகையைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்குவரை தரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வீட்டை விட்டு வந்த பிறகும் கேட்கலாம். வழக்குக்கு முந்திய கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

அதே வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார். ஈஸ்ட்ஹாமில் புதிதாகக் குடியேறிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுடைய டிபோசிட் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.